இரட்சணிய யாத்திரிகத்தில் மன அமைதி: மலை, சுமை, தேவாரம்

ஆய்வுச்சுருக்கம்

எச்.ஏ. கிருட்டிணப்பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், துன்பங்களுக்கிடையில் ஆன்மா அடையும் அமைதியைப் பாடும் காப்பியம். அவ்வமைதி பயணத்தின் முடிவில் கிட்டும் பரிசு என்று பொதுவாகப் பொருள்கொள்ளப்படுகிறது. நூலின் கட்டமைப்பை நோக்குகையில், அது வழியிலேயே பெறப்பட்டு, வழிநடப்பதற்கே பயன்படும் ஆற்றலாக அமைந்துள்ளமை புலனாகிறது. இக்கருத்தைச் சொற்பொருள், கதையமைப்பு, யாப்புவடிவம் என்னும் மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது. தருமபுரி மாவட்டம் தீர்த்தமலையின் மலைவழிபாட்டு மரபு ஒப்புநோக்குக்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், சமாதானம், யாத்திரை, பரம், தேவாரம், தீர்த்தமலை.

முன்னுரை

திருநெல்வேலிப் பகுதியில் வைணவக் குடும்பம் ஒன்றில் 1827இல் பிறந்த கிருட்டிணப்பிள்ளை, 1858இல் கிறித்தவம் தழுவினார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ என்னும் ஆங்கில உரைநடை நூலைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம், ‘நற்போதகம்’ இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வெளிவந்து, 1894ஆம் ஆண்டு மே திங்களில் நூலுருப் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களையும் 3766 பாடல்களையும் கொண்டது அது.

‘கிறித்துவக் கம்பர்’ என்னும் அடைமொழி ஆசிரியருக்குப் பெருமை சேர்த்தது. எனினும், கம்பனின் சாயல்களை எண்ணிக் காட்டுவதையே திறனாய்வின் பணியாக அது பல வேளைகளில் சுருக்கிவிட்டது. ஏ.ஜே. அப்பாசாமி இக்கவிஞரைப் பக்திமரபில் வைத்து நோக்கினார். டென்னிஸ் ஹட்சன் இராமானுசர் இறையியலோடு இவருக்குள்ள உறவை ஆராய்ந்தார். அவ்விருவர் திறந்த வழியில் நின்று, இக்காப்பியம் துன்புறும் மனத்துக்கு உண்மையில் எதை அளிக்கிறது என்று வினவுவது இக்கட்டுரையின் நோக்கம். பக்தி இலக்கியம் தரும் அமைதி துன்பத்தைப் பொறுத்துக்கொண்டு வாளாவிருக்கச் செய்வது என்னும் குற்றச்சாட்டு வலுவாக முன்வைக்கப்படும் காலத்தில், இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

1. ‘சமாதானம்’ என்னும் சொல்

தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘சமாதானம்’ என்று வழங்கிய இடங்களில், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘அமைதி’ என்று வழங்குகிறது. இம்மாற்றம் மொழித்தூய்மை சார்ந்தது மட்டுமன்று. வேதாந்த மரபில் சமாதானம் என்பது மனத்தை ஒருமுகப்படுத்தி நிறுத்துதல். சாதகன் பெறவேண்டிய ஆறு அகப்பண்புகளுள் ஒன்றாகக் கைவல்லிய நவநீதம் அதனை எண்ணுகிறது. உலகவழக்கிலோ, சமாதானம் என்றால் பகைத்த இருவர் ஒத்துப்போதல்.

கிறித்தவ வழக்கு இவ்விரு பொருளையும் ஒருங்கே ஏற்றது. மனம் அடங்குதல் என்பது அதில் தனிமனிதப் பயிற்சியின் விளைவாக மட்டும் கருதப்படுவதில்லை. முறிந்த உறவு ஒன்று சீர்ப்படுவதன் பயன் அது. யோவான் நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் இயேசு சமாதானத்தை வாக்களிப்பது தாம் கைதுசெய்யப்படும் இரவில். பிலிப்பியருக்கு எழுதிய மடலில் பவுல் அதனைப் பேசுவது சிறையிலிருந்து. பனியனும் சமயப்பரப்புரைக்காகப் பெட்ஃபோர்டுச் சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தவர். நெருக்கடி நீங்கியபின் எய்தும் ஓய்வு என்று இவ்வமைதியை விளக்குவது இம்மூலங்களோடு பொருந்தாது.

2. சுமையும் பரமும்

பனியனின் வழிப்பயணி முதுகில் சுமையோடு தோன்றுகிறான். சிலுவையின் அடியில் அச்சுமை தானே அவிழ்ந்து விழுகிறது. அங்குச் சுமை என்பது குற்றவுணர்வு. வைணவப் பின்புலமுடைய தமிழ்வாசகர் செவியில் இக்காட்சி வேறோர் ஒலியையும் எழுப்பும். ‘பரம்’ என்றால் பாரம். தன்னைக் காக்கும் பொறுப்பாகிய பாரத்தை இறைவனிடம் ஒப்படைத்தலைப் ‘பரசமர்ப்பணம்’ என்பது வைணவ மரபு. அவ்வாறு ஒப்படைத்தவன் கவலையற்று மார்பில் கைவைத்து உறங்கலாம் என்னும் வழக்கும் உண்டு. நூற்பெயரிலுள்ள ‘இரட்சணியம்’ என்னும் சொல்லும், காப்பவனை ‘இரட்சகன்’ என அழைக்கும் அம்மரபுக்கு அயலானதன்று.

எனினும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுதல் தவறாகும். பரசமர்ப்பணத்தில் ஒப்படைக்கப்படுவது காக்கும் பொறுப்பு. பனியனில் கழற்றப்படுவது பழி. முன்னது அச்சத்தைத் தீர்க்கிறது; பின்னது குற்றவுணர்வைத் தீர்க்கிறது. தழுவல் காப்பியம் இரண்டு செவிகளுக்கும் ஒருங்கே கேட்பதால், வாசகர் பெறும் ஆறுதல் மூலநூல் தருவதைக் காட்டிலும் விரிவடைகிறது. தழுவலின் ஆற்றல் இவ்விடத்தில் வெளிப்படுகிறது.

மூலத்தில் வழியோரச் சின்னமாக நிற்கும் சிலுவை, தமிழ்க்காப்பியத்தில் இயேசுவின் பாடுகளை விரித்துரைக்கும் கதையாக வளர்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் வழியே பலரும் அறிந்துள்ள காட்சியில், கூட்டத்தாரின் ஏளனத்தை இறைமகன் மறுமொழியின்றி ஏற்கிறார். பயணி நாடும் அமைதிக்கு இதனால் ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. துன்பத்தை அறியாத ஒருவரிடமிருந்து அவ்வமைதி வரவில்லை. துன்பத்தின் நடுவில் நிலைகுலையாதவரிடமிருந்து வருகிறது.

3. மலைமேல் ஓர் அறை

சுமை கழன்றதும் கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை; கடினமான ஏற்றம் அதன் பின்னரே வருகிறது. பனியனின் ‘இடர்மலை’ அடிவாரத்தில் ஓர் ஊற்று உண்டு. பயணி அதில் நீர் பருகிவிட்டு ஏறத் தொடங்குகிறான். மலையைச் சுற்றிச் செல்லும் எளிய பாதைகள் இரண்டும் அழிவில் முடிபவை. ஏறியபின் தங்கும் மாளிகையில் அவன் உறங்கும் அறையின் பெயர் ‘சமாதானம்’. அதன் சாளரம் ஞாயிறு எழும் திசை நோக்கியது. பின்னர்ப் படைக்கலம் பூண்டு இறங்குபவன், தாழ்மையின் பள்ளத்தாக்கில் கொடும்பகைவனை எதிர்கொள்கிறான்.

கதையமைப்பு உணர்த்துவது தெளிவு. சமாதானம் என்பது தங்கிச்செல்லும் ஓர் அறை. நிலையாகக் குடியிருக்கும் நகரம் இன்னும் தொலைவில் உள்ளது. அந்த அறையில் பெற்ற உறக்கம் அடுத்த போருக்கு வேண்டிய வலிமை. ‘வாளாவிருத்தல்’ என்னும் குற்றச்சாட்டுக்கு இக்கதையமைப்பே விடை கூறுகிறது. தமிழ்க்காப்பியத்தில் ஆரணிய பருவம் நான்காவதாக, வீடுபேற்றுக்குச் சற்று முன்னர் வைக்கப்பட்டிருப்பதும் இதே நோக்கில் கருதத்தக்கது. காடு தொடக்கத்திலேயே கடக்கப்பட்டுவிடுவதில்லை.

4. தீர்த்தமலையும் திரும்பும் வழியும்

அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலை தீர்த்தகிரீசுவரர் கோயிலால் அறியப்படும் சைவத்தலம். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்றது. அடிவாரத்திலும் மலைமேலும் கோயில்கள் உள்ளன. பாறையிலிருந்து வழியும் இராம தீர்த்தம், வழிபாட்டுக்கு நீர் வேண்டி இராமன் அம்பெய்தமையால் தோன்றியது என்பது தலமரபு. கிருட்டிணப்பிள்ளை இத்தலத்தைப் பாடியவர் அல்லர். எனினும் இப்பகுதி மாணவர்க்கு ‘யாத்திரை’ என்னும் சொல் முதலில் உணர்த்துவது இத்தகைய ஏற்றத்தைத்தான். ஆதலின் இவ்வொப்பீடு வாசிப்புநோக்கில் பொருந்தும்.

இரண்டு வேறுபாடுகள் கருதத்தக்கவை. முதலாவது, இடர்மலையில் ஊற்று அடிவாரத்தில் உள்ளது. தீர்த்தமலையில் நீராடல் ஏறியவர்க்கு உரியது. முன்னதில் அருள் முயற்சிக்கு முற்படுகிறது. பின்னதில் முயற்சிக்குப்பின் எய்தப்படுகிறது. இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. தீர்த்தமலைக்குச் சென்றவர் இறங்கி வீடு திரும்புகிறார். தீர்த்தநீரும் திருநீறும் வீட்டுக்கு வருகின்றன. பனியனின் பயணி திரும்புவதில்லை; மனைவி மக்கள் அழைக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன் அவன். அவர்களது பயணத்தைப் பாட, பனியன் 1684இல் இரண்டாம் பகுதி எழுத வேண்டியிருந்தது.

ஒருவழிப் பயணத்தின் அமைதி வீட்டில் இருப்பவருக்கு எவ்வாறு வந்துசேரும்? தனிமனித மீட்பை முதன்மைப்படுத்தும் இக்காப்பியத்தின் உண்மையான இடர்ப்பாடு இது. பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்றோரின் குடும்பங்கள் நிறைந்த தருமபுரிப் பகுதியில் இவ்வினா வெறும் கோட்பாட்டு வினாவாக நின்றுவிடுவதில்லை.

5. தேவாரம் தரும் விடை

காப்பியக் கதை விருத்தப்பாக்களில் விரைகிறது. இடையிடையே கதையை நிறுத்தி இசைப்பாடல்கள் எழுகின்றன. அவற்றுக்கு ஆசிரியர் ‘தேவாரம்’ என்று பெயரிட்டார். வைணவத்தில் பிறந்து கிறித்தவரான ஒருவர் சைவத் திருமுறையின் பெயரைக் கையாண்டமை தற்செயலாகாது. தேவாரம் என்பது பாடுவோர் வாயில் மீண்டும் மீண்டும் உயிர்பெறுவது. கதைமாந்தர் பாடிய பாடலைப் பாடுவோர் தம்முடையதாக்கிக்கொள்ளலாம்.

கதைப்பகுதியில் பயணி படர்க்கையில் நிற்கிறான். தேவாரத்தில் தன்மையில் பேசுகிறான். அக்கணத்தில் பாடுபவரே பயணி ஆகிறார். காப்பியம் முழுவதையும் பயிலாத நம்பிக்கையாளரும் இப்பாடல்களைத் தனித்துப் பாட இயல்வது இதனால்தான். மலையிலிருந்து தீர்த்தம் வீட்டுக்கு வருவது போல, திரும்பிவராத பயணியின் அமைதி பாடலாக வீட்டுக்கு வருகிறது. பனியனின் நூலிலும் இடையிடையே சிறு செய்யுள்கள் உண்டு. அவை பெரும்பாலும் நிகழ்ந்ததன் கருத்தைத் தொகுத்துரைப்பவை. தேவாரமோ வேண்டுதல். இவ்வேறுபாடே தழுவலைத் தனிப்படைப்பாக உயர்த்துகிறது.

இருப்பினும் ஒரு வரம்பைச் சுட்டுதல் வேண்டும். பாடல் ஆறுதல் தரும். பிரிவுக்கும் வறுமைக்கும் காரணமான சூழலை அது கேள்விக்குட்படுத்துவதில்லை. பகைவனை ஆன்மிகப் பகைவனாகவே காணும் உருவகக் காப்பியத்தில் அவ்வினா எழ இடம் குறைவு.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகம் சுட்டும் அமைதி துன்பத்தின் முடிவில் வைக்கப்பட்ட பரிசன்று. ‘சமாதானம்’ என்னும் சொல் அதனை உறவின் சீரமைப்பாக்குகிறது; கதையமைப்பு இரு போராட்டங்களுக்கிடைப்பட்ட தங்கலாக்குகிறது; தேவார வடிவம் பயணத்துக்கு வெளியே நிற்போரும் பங்குபெறத்தக்கதாக்குகிறது. ஆதலின், கம்பனின் எதிரொலியாக மட்டும் இந்நூலைப் பயிற்றும் வழக்கம் மாறி, தேவாரப் பகுதிகளை அவை எழும் கதைச்சூழலோடு இணைத்துப் பயிற்றுதல் வேண்டும். இரட்சணிய மனோகரத்தின் வேண்டுதற் பாடல்களோடு இத்தேவாரங்களை ஒப்பிட்டு ஆராய்வது இவ்வாய்வின் அடுத்த நிலையாக அமையும்.