ஒரே தேதியில் இரண்டு அஸ்தமனம்!

காலையில் பெங்களூரு ஜீவனஹள்ளி வீட்டில் சுடச்சுட இட்லி சாம்பார், அதே தேதி சாயங்காலம் சான் பிரான்சிஸ்கோவின் சிலுசிலு காற்று! நடுவில் துபாய் இல்லை, பிராங்க்ஃபர்ட் இல்லை, அர்த்தராத்திரியில் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த விமானத்துக்கு ஓடுகிற ஓட்டம் இல்லை. ஏர் இந்தியாவின் போயிங் 777 ஒரே மூச்சில் கொண்டுபோய் இறக்கியது.

தூரத்தைக் கேளுங்கள்: நேர்வழியில் அளந்தாலே 13,993 கிலோமீட்டர்! மதியம் இரண்டரை வாக்கில் கிளம்பி, சுமார் 16 மணி நேரம் பறந்து இறங்கியபோது அங்கே மாலை 5. குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்குப் பதிமூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறதே, அதனால் கடிகாரக் கணக்கில் போனது வெறும் இரண்டரை மணி நேரம். கால் லேசாக வீங்கியது உண்மைதான், அதையெல்லாம் யார் பார்த்தார்கள்!

ஜன்னலோரம் நீங்களே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே பறப்பதால் பொழுது படபடவென்று சாய்கிறது, இறக்கை நுனி செம்பாகச் சிவந்து கறுக்கிறது, ஜப்பானை நெருங்கும்போது திரையில் வேகம் மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டுகிறது, முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது அந்த உயரத்து மேல்காற்று, நள்ளிரவு கடந்து தேதி மாறுகிறது, பசிபிக் நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டியதும் மாறிய தேதி பழையபடி திரும்புகிறது, கொஞ்ச நேரத்தில் கீழே மேகமெல்லாம் இளஞ்சிவப்பாகி அதே தேதிக்கு இரண்டாவது விடியல், ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை எழுப்பி “பாருங்கம்மா, இன்னைக்கே மறுபடியும் விடியுது!” என்று காட்டிவிட்டேன்!

அந்த வேகமெல்லாம் மேல்காற்று செய்கிற மாயம். 2016-இல் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் திருப்பினார்களே, தூரம் 13,900-லிருந்து 15,300 கிலோமீட்டராகக் கூடியது, நேரமோ கிட்டத்தட்ட 2 மணி குறைந்தது! எதிர்த்திசையில் இன்னும் பெரிய சாகசம்: 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்துக்கு மேலாகச் சுமார் 16,000 கிலோமீட்டர் ஓட்டிவந்து, 11-ஆம் தேதி விடியற்காலை நம்ம தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறக்கினார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றுகிறது.

இப்படி ஒரு நெடும்பயணம் வாய்த்தால் ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். சினிமா வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், திரையில் விமானம் போகும் வழியைக் காட்டும் வரைபடத்தைப் போடுங்கள், தூக்கம் வந்தாலும் தூங்காதீர்கள்!