மலையேறும் ஆன்மாக்கள்: தாந்தே காட்டும் உத்தரிக்கிற ஸ்தலம்

நம் பங்குகளில் ஒருவர் மரித்ததும் அச்சிடப்படும் அறிவிப்பில் 'இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதுகிறோம். அதே தாளின் அடியில், முப்பதாம் நாள் திருப்பலியில் அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாட வாருங்கள் என்று அழைக்கிறோம். சேர்ந்துவிட்டவருக்கு மன்றாட்டு எதற்கு? இன்னும் சேரவில்லையெனில் முதல் வரிக்கு என்ன பொருள்? இவ்விரு வரிகளுக்கும் இடையில் உள்ள தொலைவையே திருச்சபை உத்தரிக்கிற ஸ்தலம் என்கிறது.

அத்தொலைவைக் காவியமாக்கியவர் இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே (1265-1321). நரகம், உத்தரிக்கிற ஸ்தலம், மோட்சம் என மூன்று பகுதிகளாய் அமைந்த அவருடைய 'தெய்வீக நாடகம்' என்னும் காவியத்தில், உலகம் அதிகம் பேசுவது நரகத்தைப் பற்றியே. தண்டனையைப் பார்ப்பதில் மனிதனுக்கு உள்ள ஆர்வம் அத்தகையது. ஆனால், மரித்த தம் உறவினரை நினைத்து மன்றாடும் விசுவாசிக்கு அக்காவியத்தின் நடுப்பகுதியே நெருக்கமானது. 33 காண்டங்கள் கொண்ட அப்பகுதியை மட்டும் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

உத்தரிக்கிற ஸ்தலம் என்றதும் நம் மனத்தில் எழுவது நெருப்பு. சற்றுக் காலம் குறைந்த இன்னொரு நரகம். தாந்தே இவ்வெண்ணத்தைத் தலைகீழாக்குகிறார். அவருடைய நரகம் பூமிக்குள் இறங்கும் இருண்ட குழி. உத்தரிக்கிற ஸ்தலமோ கடல் நடுவே வானை நோக்கி எழும் மலை. அங்கே விடியல் உண்டு, விண்மீன்கள் உண்டு, பாடல் உண்டு. தலையான பாவங்கள் ஏழுக்கும் மலையில் ஏழு படிநிலைகள். செருக்குற்றோர் கனத்த கற்களைச் சுமந்து குனிகின்றனர், சோம்பியோர் ஓடுகின்றனர், பெருந்தீனியர் பசித்திருக்கின்றனர். நெருப்புத் திரை எதிர்ப்படுவது ஏழாம் படியில்தான். வேதனை அங்கும் உண்டு. ஆனால் அது பழிவாங்கும் வேதனையன்று; வளைந்ததை நிமிர்த்தும் வேதனை.

கவிஞரின் இக்கற்பனை திருச்சபையின் போதனையோடு முரண்படவில்லை. 1274இல் லியோன் சங்கமும், 1439இல் புளோரன்ஸ் சங்கமும், 1563இல் திரிதெந்தின் சங்கமும் அறுதியாய்ச் சொன்னவை இரண்டே: இறப்புக்குப்பின் தூய்மை பெறும் நிலை உண்டு, வாழ்வோரின் மன்றாட்டும், சிறப்பாகத் திருப்பலியும், அந்நிலையில் உள்ளோர்க்கு உதவும். அதன் வெப்பத்தையும் நாள் கணக்கையும் எச்சங்கமும் வரையறுக்கவில்லை. வெறும் ஆவலைத் தூண்டுவதையும், மூடநம்பிக்கைக்கும் இழிந்த ஆதாயத்துக்கும் இடமளிப்பதையும் மக்களுக்குப் பிரசங்கிக்கலாகாது என்று திரிதெந்தின் சங்கமே ஆயர்களை எச்சரித்தது. அச்சமூட்டும் பிரசங்கங்கள் பல, இவ்வெச்சரிக்கையை மறந்து பிறந்தவை.

இனி, அம்மலையில் யாரை ஏற்றுகிறார் என்று பார்ப்போம். சிசிலியின் அரசன் மான்பிரெட் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவன். 1266இல் பெனவெந்தோ போர்க்களத்தில் மாண்டவன். அவனுடைய எலும்புகளும் தோண்டியெடுத்து எறியப்பட்டன என்கிறது காவியம். அவனை நரகத்தில்தான் தேடுவோம். தாந்தே அவனை மலையடிவாரத்தில் நிறுத்துகிறார். இறுதி மூச்சில் அவன் அழுதான், இறைவன் ஏற்றுக்கொண்டார். 1289இல் கம்பால்தினோ போரில் வீழ்ந்த புவொன்கொந்தேயின் கதையும் அதுவே. தொண்டையில் காயம்பட்டவன் மரியாளின் பெயரைச் சொல்லி ஒரு துளிக் கண்ணீர் விட்டான். அந்த ஒரு துளிக்காக அவனை இழந்தோமே என்று பேய் புலம்புகிறது. இவன், அதே போரில் தாந்தே எதிரணியில் நின்று போரிட்ட பகைவரின் படைத்தலைவன் என்பதை நினைத்தால், கவிஞரின் நெஞ்சம் விளங்கும்.

ஆயினும் இரக்கம் இங்கே மலிவாகிவிடவில்லை. விலக்கப்பட்ட நிலையில் வாழ்ந்த காலத்தின் முப்பது மடங்கு மான்பிரெட் வெளியே காத்திருக்க வேண்டும். அதைக் குறைக்க வல்லது மன்றாட்டு ஒன்றே. ஆகவே, தான் மீட்படைந்ததைத் தன் மகளிடம் சொல்லுமாறு வேண்டுகிறான். சியேனா நகரத்துச் சாப்பியா என்னும் சீமாட்டிக்கு உதவியது சீப்பு விற்ற ஏழை பியேரின் மன்றாட்டு. பொரேசே என்னும் நண்பனை ஐந்தே ஆண்டுகளில் மேலே ஏற்றியது அவன் கைம்பெண் நெல்லாவின் கண்ணீர். அரசர்களும் குருக்களும் செய்ததாகச் சொல்லப்படாத உதவியை ஒரு வியாபாரியும் ஒரு விதவையும் செய்கின்றனர். கல்சுமப்போரோ கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லி, அதன் இறுதி வேண்டுதலைப் பூமியில் உள்ள நமக்காக ஒப்புக்கொடுக்கின்றனர். புனிதர்களின் சமூக உறவை இதைவிட எளிமையாய் விளக்கிய இறையியல் நூல் அரிது.

ஓர் ஆன்மா தூய்மையடைந்ததும் மலை முழுவதும் அதிர்கிறது. எல்லா ஆன்மாக்களும் இறைவனைப் புகழ்ந்து பாடுகின்றன. பிறர் விடுதலையில் பொறாமை இல்லை. 'அவனுக்கு முன்னால் நான்' என்று ஓடும் நமக்கு இக்காட்சியே ஒரு மனச்சான்று ஆய்வு.

இத்தகைய காவியத்திலும் நெருடும் இடம் ஒன்று உண்டு. வழிகாட்டியாக வந்த உரோமைக் கவிஞர் வெர்ஜில், மலையுச்சி வரை நடந்தும் மோட்சம் புக இயலாது, சொல்லாமல் மறைகிறார். கிறிஸ்துவுக்குமுன் வாழ்ந்தது தவிர அவர் செய்த குற்றம் என்ன? அவ்வாறிருக்க, ரிபேயுஸ் என்னும் திரோய் வீரன் மட்டும் மோட்சத்தில் இருக்கிறான். கிறிஸ்துவைக் கேட்டறியாது சிந்து நதிக்கரையில் வாழ்ந்து இறக்கும் நல்லவனின் குற்றம் என்ன என்னும் கேள்வியையும் மோட்சப் பகுதியில் தாந்தேயே எழுப்புகிறார். விடையை இறைநீதியின் ஆழத்தில் விட்டுவிடுகிறார். நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் 1552இல் எழுதிய மடலிலும் இத்துயரைக் காண்கிறோம். தம் முன்னோருக்கு மீட்பில்லையெனக் கேட்டு ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் அழுதனர்; அவர்தம் அழுகை கண்டு அவரும் கலங்கினார். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாது, நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடுவோரும் மீட்படையக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் தெளிவாய்ச் சொன்னது. வேற்றுச் சமயத்துப் பாட்டனையும் பாட்டியையும் நினைத்து வருந்தும் நம் இல்லங்களுக்கு இது சிறிய ஆறுதலன்று. இவ்விடத்தில் சங்கம் கவிஞரைக் கடந்து செல்கிறது.

திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007இல் எதிர்நோக்கு பற்றி எழுதிய சுற்றுமடலில், தூய்மைப்படுத்தும் நெருப்பைக் கிறிஸ்துவோடு நிகழும் சந்திப்பாகவே காணும் கருத்தை முன்வைத்து, பிறருடைய இதயத்தைத் தொட ஒருபோதும் காலம் கடந்துவிடுவதில்லை என்றும் உரைத்தார். தாந்தேயின் மலை சொல்வதும் இதுவே.

எனவே அன்பர்களே, மரித்தோரை உடனே புனிதராக்கிப் பேசும் இரங்கலுரைகள் அவர்களை உயர்த்துவதாய் நாம் எண்ணலாம். உண்மையில் அவர்களுக்குரிய உதவியையே பறித்துவிடுகிறோம். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைமேல் மலர் வைத்து விளக்கேற்றுவதோடு நின்றுவிடாமல், பெயர் சொல்லி மன்றாடுவோம். நாம் மன்னிக்க மறந்த ஒருவரின் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்வோம். பகைவனுக்கும் மலையில் இடம் தந்த கவிஞரைப் படித்தபின் அதைச் செய்யாதிருத்தல் கடினம்.