ஓ.பி. சீட்டு இலவசம், அன்றைய கூலி?

விருதுநகர் மாவட்டத்துச் சுகாதாரம் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்துவிடும். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்கள் நோய் முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள், காரணம் விழிப்புணர்வு இல்லாமை என்பார்கள். முதல் பாதியை நான் மறுக்கவில்லை. ‘காரணம்’ என்று வருகிற இரண்டாம் பாதியோடுதான் எனக்கு வழக்கு.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். சிவகாசி பெரும்பாலும் விபத்து நடந்தால்தான் செய்தியில் வரும். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம். அப்போது தீக்காய வார்டு, நிவாரணத் தொகை, உரிமம் ரத்து என்று பேசுவோம். சில நாளில் பேச்சு அடங்கிவிடும். நான் சொல்ல வருவது விபத்து நடக்காத நாட்களைப் பற்றி. அந்த நாட்களில் ஒருவருக்கு வருகிற இருமல், மூச்சிரைப்பு, தோல் அரிப்பு, இடுப்பு வலி, வெள்ளைப்படுதல், சர்க்கரை, பிரஷர். இவற்றுக்குப் படுக்கையில் சேர வேண்டியதில்லை. டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். இதைத்தான் புறநோயாளி சிகிச்சை, அதாவது ஓ.பி. என்கிறோம்.

இந்த ஓ.பி.க்குத் தமிழ்நாட்டில் என்ன விலை? ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டருக்குக் காசு கிடையாது. மாத்திரைக்கும் கிடையாது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி அனுப்புகிறது, மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப்போன ஏற்பாடு அது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. டாக்டர் பீஸ் பூஜ்யம், மருந்து பூஜ்யம், பஸ் பூஜ்யம். அப்புறமும் ஏன் போகமாட்டேன்கிறார்கள்? இந்த இடத்தில்தான் ‘விழிப்புணர்வு’ என்ற சொல் உள்ளே நுழைகிறது.

கொஞ்சம் கடிகாரத்தைப் பார்ப்போம். வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் ஆலை வேன் காலையிலேயே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடும். வெயில் ஏறுவதற்குள் மருந்து கலக்குற வேலையை முடிக்கணும். (இந்த ஊர்களில் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்துதான்.) சாயங்காலம்தான் திரும்ப இறக்கிவிடுவார்கள். நடுவில் இறங்கி வர முடியாது. ஆலைகள் ஊரைவிட்டுத் தள்ளி, பஸ் போகாத காட்டுக்குள் இருக்கின்றன, பாதுகாப்பு விதிப்படி அப்படித்தான் இருக்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓ.பி.யும் இதே பகலில்தான். ஆகவே ஓ.பி.க்குப் போவது என்றால் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருப்பது என்று பொருள். வேலை பெரும்பாலும் பீஸ் ரேட்டு. எத்தனை குரோஸ் முடித்தாய் என்பதுதான் கணக்கு. அரை நாள் லீவு, மெடிக்கல் லீவு என்கிற சொற்களுக்கெல்லாம் அங்கே அர்த்தமே இல்லை.

ஒரு கணக்குக்காக, நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரசு ஓ.பி.க்குப் போனால் கையிலிருந்து போவது எதுவுமில்லை, கைக்கு வராமல் போவது 500. சாயங்காலம் வேன் இறங்கியதும் தனியார் கிளினிக்குக்குப் போனால் பீஸ், ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்து 300 என்று வையுங்கள், கூலி இழப்பு இல்லை. போகிற வழியில் மெடிக்கல் கடையில் நின்று ‘இருமலுக்கு மூணு வேளைக்குக் குடுங்கண்ணே’ என்று கேட்டு வாங்கினால் 50 ரூபாயில் முடிந்தது. இப்போ சொல்லுங்க, மூன்றில் எது விலை அதிகம்? இலவசம்தான். சின்னப் பிள்ளையையோ வயசான அம்மாவையோ கூட்டிப்போக வேண்டுமென்றால் நோயாளிக்குக் கூலியே இல்லாவிட்டாலும் கூடப் போகிறவருக்குப் போய்விடும்.

விழிப்புணர்வு இல்லாதவர்கள் சாயங்காலம் தனியார் கிளினிக் வாசலில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கையிலிருந்து காசு கொடுத்து வைத்தியம் பார்க்கிறவரைப் பார்த்து ‘உனக்கு நோயின் அருமை தெரியலை’ என்று சொல்வதில் என்ன நியாயம்?

இந்தக் குழப்பத்துக்குக் கணக்கெடுப்புகளுக்கும் ஒரு பங்கு உண்டு. தேசிய மாதிரி ஆய்வு (என்.எஸ்.எஸ்.) உடல்நலச் சுற்றுகளில் கடந்த 15 நாட்களில் வந்த நோய்களைக் கேட்கிறார்கள். டாக்டரிடம் போகாதவர்களிடம் ஏன் போகவில்லை என்றும் கேட்கிறார்கள். பக்கத்தில் வசதி இல்லை, காத்திருக்க நேரமாகும், பண நெருக்கடி என்று பதில்கள் வரிசையாக இருக்கும். வழக்கமாக முன்னால் நிற்கிற பதில் ‘நோய் அவ்வளவு கடுமையாகத் தோன்றவில்லை’ என்பது. இதைப் படிக்கிறவர் உடனே ‘மக்கள் அலட்சியமாக இருக்கிறார்கள்’ என்று எழுதிவிடுகிறார்.

ஆனால் கடுமை என்பதை யார், எதோடு ஒப்பிட்டு முடிவு செய்கிறார்கள்? மாதச் சம்பளக்காரருக்கு இரண்டு நாள் இருமலே டாக்டரைப் பார்க்கப் போதுமான காரணம். லீவு சொல்லிவிட்டுப் போகலாம், சம்பளம் குறையாது. பீஸ் ரேட்டுக்காரருக்கு அந்த இருமல் ஒரு நாள் கூலியை விடப் பெரிதாக ஆனால்தான் அது நோய். ‘சும்மா சளிதாங்க, தானாப் போயிரும்’ என்பதை நான் அறியாமையாகப் படிக்கவில்லை. மனசுக்குள் போட்டுப் பார்த்த கணக்கின் விடை அது. கேள்வித்தாள் விடையை மட்டும் பதிவு செய்கிறது, கணக்கை விட்டுவிடுகிறது.

காப்பீட்டுக்கு வருவோம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஏற்பாடு, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது பேருதவி, சந்தேகமில்லை. ஆனால் அது முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பார்க்கிற சிகிச்சைக்கானது. இருமல் நிற்கவில்லை என்று வருகிறவருக்கு அந்த அட்டை உதவாது. நோய் முற்றிப் படுக்கையில் விழுந்த பிறகுதான் அட்டைக்கு வேலை. ‘முற்றிய பிறகு வருகிறார்கள்’ என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிற அதே நேரத்தில், நம் பணம் காத்திருப்பதும் முற்றிய நோய்க்காகத்தான்.

ஓ.பி.யையும் கூலி இழப்பையும் சேர்த்து யோசித்த சட்டம் ஒன்று இருந்தது, 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். அது கொண்டுவந்த ஏற்பாட்டின்படி மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு மருத்துவமும் உண்டு, நோய்க்கால உதவித்தொகையாகக் கூலியில் 70 சதவீதமும் உண்டு, ஆண்டுக்கு 91 நாள் வரை. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. பிறகென்ன என்று தோன்றும். இ.எஸ்.ஐ. விதிகளைப் படித்துப் பாருங்கள். நோயின் முதல் இரண்டு நாளுக்கு உதவித்தொகை கிடையாது (முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் விலக்கு). ஓ.பி. என்பது ஒரு நாள் விஷயம். அந்த ஒரு நாளைத்தான் விதி கழித்துவிடுகிறது.

இன்னொன்று, உதவித்தொகைக்குத் தகுதி பெற ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்கணும். 2018 அக்டோபர் 23-இல் பேரியம், சரவெடி ஆகியவற்றுக்கு எதிரான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நவம்பரில் ஆலைகளை மூடினார்கள், திறக்கச் சில மாதங்கள் ஆயின. அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு பங்களிப்புக் காலம். அக்டோபர் முழுக்க வேலை பார்த்தவருக்கும் நவம்பரோடு நின்றுவிட்டால் 78 எட்டாது. பொது விதியின்படி அதன் விளைவு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை தொடரும். ஆலையை மூடினது தொழிலாளி அல்ல, உரிமை போனது அவருக்கு.

இதெல்லாம் ஆலைப் பதிவேட்டில் பெயர் இருப்பவருக்கு. அச்சங்குளம் விபத்துக்குப் பிறகு உள்குத்தகை பற்றி நிறையப் பேசப்பட்டது. உரிமம் ஒருவர் பேரில், அறைகளை நடத்துவது வேறு சிலர். அப்படிப்பட்ட அறையில் சரம் பின்னுகிற அக்காவின் பெயர் எந்த ஏட்டில் இருக்கும்? ஏட்டில் இல்லாதவருக்கு இ.எஸ்.ஐ. எண் இல்லை. இருமல் வேலையால் வந்ததா என்று கேட்டால், முதலில் அவர் அங்கே வேலை செய்தார் என்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கும். கூலி இழப்பைத் தாண்டி இந்தப் பயமும் இருக்கிறது. ‘இழுக்குது’ என்று வெளியே தெரிந்தால் போர்மேன் நாளைக்கு வேன் ஏற வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று யோசிப்பவர் எந்த டாக்டரிடமும் தன் வேலையைச் சொல்லமாட்டார். பெண்களுக்கு வெள்ளைப்படுதல் மாதிரி விஷயத்தில் இன்னொரு தடையும் சேரும். ஏன் இன்னைக்கு வேலைக்குப் போகலை என்று வீட்டிலும் தெருவிலும் பதில் சொல்லணும்.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமம் ஒன்றில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் ஒரு விதியை எழுதினார்: நல்ல மருத்துவம் தேவை அதிகமுள்ள இடத்தில் குறைவாகவே கிடைக்கிறது. மருத்துவத்தில் சந்தையின் கை ஓங்க ஓங்க இது மோசமாகும் என்பது அவர் வாதம். சிவகாசிப் பகுதி காட்டுவது அதற்கு அடுத்த படி. மருத்துவம் சந்தையிலிருந்து வெளியே வந்த பிறகும் நோயாளியின் நேரம் சந்தையிலேயே மாட்டிக்கிடந்தால் அந்த விதி மாறுவதில்லை.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ இருக்கிறதே என்று கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நோயாளி வரவேண்டாம், நாங்கள் வருகிறோம் என்பது மிகச் சரியான யோசனை. ஆனால் பகலில் வீடு தேடி வந்தால் பட்டாசு ஊரில் யார் இருப்பார்? தாத்தா, பாட்டி இருப்பார்கள். நாற்பது வயதுத் தொழிலாளி ஆலையில் இருப்பார்.

கூலி இழப்பும் ஒரு தடை என்பது அரசுக்குத் தெரியாத விஷயமல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் கர்ப்பிணியின் வருமான இழப்பை ஈடுகட்டுவதையும் நோக்கமாகச் சொல்கிறது. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக மாதாமாதம் பணம் போகிறது. அதற்கும் முன்னால், விருதுநகரில் பிறந்த காமராசர் ஆட்சியில், பள்ளி இலவசமாக இருந்தால் மட்டும் ஏழைப் பிள்ளை வராது, பகல் சாப்பாடும் வேண்டும் என்று புரிந்துகொண்டார்கள். அந்தப் புரிதல் இன்னும் சாதாரண ஓ.பி. வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆகக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. பட்டாசு ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்தில் இரண்டு நாளாவது வேன் திரும்புகிற நேரத்துக்கு ஓ.பி. நடத்தலாம். இ.எஸ்.ஐ.யின் இரண்டு நாள் கழிவை ஆபத்தான தொழில்களுக்காவது எடுத்துவிடலாம். ஆலைகள் மூடிக்கிடக்கிற மாதங்களை 78 நாள் கணக்கில் தொழிலாளிக்குப் பாதகமாக எண்ணாமல் இருக்கலாம்.

இதனால் எல்லோரும் மறுநாளே ஓ.பி.க்கு வந்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. சர்க்கரைக்கு வலி கிடையாது; மாலை ஓ.பி. இருந்தாலும் தள்ளிப்போடுகிறவர் தள்ளிப்போடுவார். அவரிடம் விழிப்புணர்வு பேசலாம், தப்பில்லை. அதற்கு முன்னால், அடுத்த ஆய்வுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கிற யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ‘ஏன் போகவில்லை?’ என்பதற்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: ‘போயிருந்தால் அன்றைக்கு எவ்வளவு கூலி போயிருக்கும்?’