பழி ஆல்டர்னேட்டர் மீது

பாய்மரப் படகில் பேட்டரி ஏறவில்லை என்றால் முதலில் கழற்றப்படுவது ஆல்டர்னேட்டர்தான். இரண்டு மூன்று போல்ட், ஒரு பெல்ட், சில வயர்கள். கழற்றுவது சுலபம் என்பதாலேயே அதன்மேல் சந்தேகம் விழுகிறதோ என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

ஆனால் பழுது அதற்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள வயரிங்கில் இருக்கலாம்; அது நெடுங்காலம் மறைந்திருப்பதற்கு டீசல் எஞ்சினும் உடந்தை. பெட்ரோல் காரில் சார்ஜ் நின்றால் சிறிது தூரத்தில் வண்டி நின்றுவிடும். ஸ்பார்க்குக்கு மின்சாரம் வேண்டுமே. டீசலுக்கு அழுத்தத்தில் வரும் சூடே போதும். எரிபொருள் வால்வுக்கு மின்சாரம் கேட்கும் சில மாடல்களை விட்டுவிட்டால், பேட்டரி செத்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் காலையில் செல்ஃப் சுற்ற மறுக்கும்போதுதான் உரிமையாளர் விழிக்கிறார். 'இன்று எது கெட்டது' என்று தேடுகிறார். கெட்டது போன சீசனிலேயே இருக்கலாம்.

சரியான விசாரணைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டிலும், மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவ் கட்டையிலும் நேராக வைக்க வேண்டும்; வயர் நுனியில் இருக்கும் லக்கில் வைத்தால் கணக்கு தப்பும். மீட்டர் காட்டுவது வழியில் தொலையும் வோல்ட். நெகட்டிவ் பக்கமும் இதேதான்: ஆல்டர்னேட்டரின் உடம்பிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் கட்டை வரை. பேட்டரி நிறைந்திருக்கும்போது இந்தச் சோதனை செய்வது வீண். இரண்டு ஆம்பியர் ஓடும்போது பச்சை பூத்த இணைப்புகூட யோக்கியனாகத்தான் தெரியும்.

இழப்பு எவ்வளவு வரை பொறுக்கலாம்? அமெரிக்கப் படகு மற்றும் யாட் மன்றத்தின் ஈ-11 விதி, வழிகாட்டு விளக்கு போன்ற முக்கிய வயரிங்குக்கு 3 சதவீதம் அனுமதிக்கிறது. 12 வோல்ட்டில் அது 0.36. விளக்கு அதில் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அதே இழப்பு சார்ஜ் வயரில் வந்தால் 14.4 வோல்ட் 14-க்கு இறங்கிவிடும்; ஈய பேட்டரிக்கு அது அரைச் சாப்பாடு. இந்த இடத்தில் 3 சதவீதத்தை அளவுகோலாக எடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் வயரை மாற்றுவதே சரி.

என் கணக்கில் முதல் குற்றவாளி பழைய படகுகளில் சார்ஜை இரண்டு பேட்டரிகளுக்குப் பிரித்துவிடும் டையோடு பிரிப்பான். விளக்கு, ஃபிரிட்ஜ் ஓட்டும் பேட்டரி தீர்ந்தாலும் எஞ்சின் பேட்டரி தப்ப வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வைக்கப்பட்டது. ஆனால் தாண்டிப் போகும் மின்சாரத்திடம் அது 0.6, 0.7 வோல்ட் சுங்கம் வாங்குகிறது. ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் தன் வாசலிலேயே அளந்து 14.2 என்று திருப்தியடைய, பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.5. பராமரிப்புக்குப் போதும், நிரப்பப் போதாது. தினம் ஒரு மணி நேரமே எஞ்சின் ஓடும் படகில் தகடுகளில் சல்பேட் இறுகி, பேட்டரி அற்பாயுளில் போகும். பழி பேட்டரிக் கம்பெனிக்கு. வோல்ட் உணரும் ரிலே போட்டால் இதே வேலையை இழப்பில்லாமல் செய்யும். டையோடுப் பெட்டிக்கு இனி நியாயம் இல்லை.

ஆல்டர்னேட்டர் நிரபராதி என்று எப்போதும் சொல்லவும் முடியாது. அதன் வெளியீட்டு போல்ட்டிலேயே வோல்ட் ஏறவில்லையென்றால் கோளாறு அந்தப் பக்கம்தான். அப்போதும் பெல்ட் வழுக்கி அடியில் கறுப்புத் தூள் கொட்டியிருக்கிறதா, சாவி போட்டதும் டாஷில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பல மாடல்களில் ரோட்டருக்கு முதல் மின்சாரம் அந்தச் சிறு பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் ஆல்டர்னேட்டர் தூங்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை ஆஃபில் திருப்பியிருந்தால் உள்ளே டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று: 1980களின் யன்மார் ஜிஎம் எஞ்சின்கள் பலவற்றில் வந்த ஆல்டர்னேட்டரின் 55 ஆம்பியர் என்பது அது குளிர்ந்திருந்து, வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. எஞ்சின் பெட்டிச் சூட்டில் குறையும். முக்கால் நிறைந்த பேட்டரியும் குறைவாகவே வாங்கும். அம்மீட்டர் முள் இறங்கியதையே பழுதென்று எழுதிவிடக் கூடாது.

ஒதுக்குப்புறமான நங்கூரத் துறையில், கையிலிருக்கும் ஸ்பேரை மாட்டிப் பார்ப்பதே விரைவான வழி என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் அந்தத் தர்க்கம் நூறு ஆம்பியர் புது ஆல்டர்னேட்டர் வாங்குவதுவரை நீள்வதுதான் ஆபத்து. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் துருப்பிடித்த இணைப்பில் சூடு நான்கு மடங்கு. லித்தியத்துக்கு மாறுவதும் இதே கதை: அது கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும், சிறிய ஆல்டர்னேட்டர் தீய்ந்துபோகும், பாதுகாப்புச் சுற்று திடீரென்று துண்டித்தால் டையோடுகளும் போகும்.

ஆகவே பெரிய ஆல்டர்னேட்டரோ, மூன்று கட்டமாகச் சார்ஜ் செய்யும் ரெகுலேட்டரோ, லித்தியமோ வாங்க நினைப்பவர்கள், இரு பக்க இழப்பும் 0.2 வோல்ட்டுக்குள் வரும்வரை பர்ஸைத் திறக்க வேண்டாம்.