எகிப்து பெற்ற பிள்ளையா?

நாஸ்டிக் நெறி என்றதும், நாத்திகத்தைத்தான் அச்சுக்கோப்பவர் பிழைபடக் கோத்துவிட்டார் என்று எண்ணிவிட வேண்டாம். கிரேக்க மொழியில் 'ஞோசிஸ்' என்றால் அறிவு. ஏட்டிலே கற்பதன்று, உள்ளத்தில் உதிப்பதாகச் சொல்லப்படும் மறையறிவு. இவ்வுலகம் நல்லிறைவன் ஆக்கியதன்று, அறிவற்ற சிறுதேவன் ஒருவன் கட்டிய சிறை. உடற்கூட்டில் சிக்குண்ட ஒளித்துளியே மனிதன். தான் எங்கிருந்து வந்தோம் என்று அறிந்தவனுக்கே விடுதலை! கிறித்துவின் பெயரையும் சேர்த்துக்கொண்டு இரண்டாம் நூற்றாண்டிலே இப்படிப் பேசிய குழுக்களைத் திருச்சபை பொறுக்குமா? லியோன் நகர ஆயர் ஐரேனியஸ், கி.பி. 180-ஐ ஒட்டி, இவர்களைச் சாடுவதற்கென்றே ஐந்து பாகங்கள் எழுதினார்.

இந்நெறி பிறந்த இடம் எது? எகிப்து, ஐயமே வேண்டாம் என்றார் ஜெரால்டு மாஸி. எட்டு வயதில் பட்டாலைக்கு வேலைக்குப் போன ஏழைச் சிறுவன். பின்னாளில் கவிஞர், தொழிலாளர் உரிமைக்கு வாதாடிய சார்ட்டிஸ்ட். தாமே கற்று உயர்ந்தவர். அவர் வாழ்வு நம் வணக்கத்துக்குரியது. ஆனால் 1907-இல், தாம் மறைந்த ஆண்டிலேயே, அவர் வெளியிட்ட 'பண்டை எகிப்து: உலகின் ஒளி' என்னும் பெருநூலின் கட்சியும் வணக்கத்துக்குரியதா? எகிப்தின் தொல்ஞானமே நாஸ்டிக் நெறி, அதைத் திரித்து வரலாறென்று விற்றதே திருச்சபை என்கிறார் அவர். மதப்பிடியை உதற விரும்பிய பலருக்கு இது தேனாய் இனித்தது. இன்றும் எடுத்தெடுத்து ஓதுகின்றனர். கன்னி வயிற்றிலே பிறந்து, பன்னிரு சீடரைத் திரட்டி, சிலுவையிலே மாண்ட ஹோரஸ் என்று ஒரு கதையும் அந்த வழியில் வளர்ந்துவிட்டது. எகிப்தியர் எழுதி வைத்த எந்த ஏட்டிலும் அத்தகைய ஹோரஸ் இல்லை. மாண்ட கணவன் ஒசிரிசை உயிர்ப்பித்து அவனுடன் கூடி ஐசிஸ் ஈன்ற மகன் அவன். புரோகிதன் சொன்னால் சான்று கேட்கிறோம். நமக்கு வேண்டியவர் சொன்னால் கேட்க வேண்டாமா?

மாஸிக்குச் சார்பான சான்றை மறைப்பதும் முறையன்று. எகிப்தின் 'இறந்தோர் நூலில்' ஏழு வாயில்கள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் காவலர், அவர் பெயர் சொல்லத் தெரிந்த உயிரே உள்ளே நுழையலாம். நாஸ்டிக் நூலான 'யாக்கோபின் முதல் வெளிப்பாட்டிலும்' மேலே ஏறும் உயிரைச் சுங்கக்காரர் போன்ற காவலர் வழிமறிக்கின்றனர். உரிய விடை சொன்னாலே வழி திறக்கும். ஹெர்மோபொலிஸ் நகரில் ஆணும் பெண்ணுமாய் நான்கு இணை, ஆக எட்டு ஆதி தெய்வங்கள்; வாலன்டைனசின் கூட்டத்தார்க்கும் நான்கு இணை, எட்டு ஆதித் தத்துவங்கள். வாலன்டைனஸ் அலெக்சாந்திரியாவிலே படித்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எகிப்தின் காற்று அங்கே வீசவில்லை என்று யார் சொல்வார்?

எனினும் காற்று வேறு, கரு வேறு. கருவைப் பாருங்கள்! இறந்தவன் நெஞ்சை மாஅத் என்னும் அறத்தின் இறகோடு தராசில் நிறுத்தவர் எகிப்தியர். நாற்பத்திரண்டு நடுவர் முன், தீங்கு செய்திலேன் என்று அவன் உரைக்க வேண்டும். உடல் அழியலாகாதென்று உப்பிட்டு உலர்த்தித் துணி சுற்றி வைத்தவரும் அவரே. உடலே சிறை, உலகே பிழை என்ற கொள்கை, உடலைக் காக்க மலைபோற் கல்லடுக்கியவர் நெஞ்சிலா முளைத்திருக்கும்? அந்தச் சிறுதேவனின் பெயரோ யல்தபோத். அவன் பரிவாரத்தில் சபாவோத், அதோனாய், எலோயிம். அத்தனையும் செமித்தியப் பெயர்கள். என்னையன்றி வேறு தெய்வமில்லை என்று அவன் அடிக்கும் தம்பட்டம் யூத வேதத்தின் இறைவன் பேச்சு. ஆதாம், ஏவாள், பாம்பு எல்லாம் ஆதியாகமத்துக் கதை, தலைகீழாய்க் கவிழ்க்கப்பட்டது. உலகைச் செய்த கைவினைத் தேவன் என்ற கருத்துக்கோ பிளேட்டோவிடம் கடன். யூத மறையைக் கரைத்துக் குடித்து, பிளேட்டோவையும் படித்து, அம்மறையின் இறைவன்மேல் சினந்து எழுந்தவர் கைவண்ணம் இது. யூதராகவே பிறந்தவரா, அயலிலிருந்து வந்து கற்றவரா என்பதில் அறிஞரிடை வழக்கு தீரவில்லை. நாஸ்டிக் என்ற ஒற்றைப் பெயரே இத்தனை குழுக்களுக்குப் பொருந்தாது என்று 1996-இல் மைக்கேல் வில்லியம்ஸ் வாதிட்டதும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

பழமை என்றதும் மயங்குவது மாஸியோடு பிறந்த நோயன்று. 1463-இல் பிளாரன்ஸ் நகரத்துச் செல்வர் கோசிமோ, பிளேட்டோவை நிறுத்திவிட்டு முதலில் ஹெர்மிசை மொழிபெயர் என்று பிச்சினோவுக்குக் கட்டளையிட்டார். ஏன்? மோசேயை ஒத்த தொன்மையுடைய எகிப்திய முனிவன் வாக்கு அது என்று நம்பினர்! 1614-இல் ஐசக் கசோபன் அந்த ஏடுகளின் கிரேக்க நடையை, சொல்லை, மேற்கோளை ஆராய்ந்தார். கிறித்துவுக்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளின் மொழி என்று காட்டினார். வாளெடுக்காமல் சொல்லெடுத்தே ஒரு முனிவனை வீழ்த்திய வேலை அது. அவர் முடிவையும் காலம் சிறிது திருத்தியது. ஆசானும் 'அறிவை நேசிப்பவனும்' உரையாடும் 'தோத் நூல்' என்ற எகிப்திய ஏடு 2005-இல் வெளியான பின்னர், ஹெர்மிஸ் ஏடுகளில் எகிப்தியக் குருமார் கை இருந்தது என்போர் வலுப்பெற்றுள்ளனர்.

மாஸி காணாத பெருஞ்சான்று 1945-இல் மேல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே வெளிப்பட்டது. தாழியொன்றில் இருந்ததாகச் சொல்லப்படும் பதின்மூன்று சுவடிகள். கிடைத்தது எகிப்தில், மொழி காப்டிக். பிறகென்ன, எகிப்தியச் சரக்குதானே என்பார் உளர். அவையோ கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. ஏழாம் சுவடியின் அட்டையில் ஒட்டியிருந்த கழிவுத்தாள்களில் 348-ஆம் ஆண்டுக் கணக்கு காணப்படுவதால், அது கட்டப்பட்டது அதன் பின்னரே. ஆறாம் சுவடியில் பிளேட்டோவின் 'குடியரசிலிருந்து' ஒரு துண்டு. அது பிளேட்டோ என்று தொடக்கத்தில் எவரும் அறியாத அளவுக்குச் சிதைந்த பெயர்ப்பு. அதே சுவடியில், தெய்வங்கள் கைவிட்டுப் போன எகிப்துக்காக ஹெர்மிஸ் புலம்பும் பகுதியும் இருக்கிறது. அந்தப் புலம்பலும் முதலில் எழுதப்பட்டது கிரேக்க மொழியில்.