சாமையைக் கொன்றது ரேஷன் அரிசியா?

2023ஐ சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்தாலும் அறிவித்தது, ஜவ்வாது மலைச் சாமையைப் பற்றி எழுதாதவர்களும் வீடியோ போடாதவர்களும் பாக்கி இல்லை. பெரும்பாலும் ஒரே கதைதான். மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களே சொல்லும் வழிவழிக் கதை) தலைமுறை தலைமுறையாகச் சாமைச் சோறு சாப்பிட்டுத் திடமாக இருந்தார்கள். அரசு இலவச அரிசி கொடுத்தது. சோம்பல் வந்தது, சாமை போனது. கடைசியில் "மரபுக்குத் திரும்புவோம்" என்று ஒரு வேண்டுகோள், பின்னணியில் புல்லாங்குழல்.

இந்தக் கதை பாதி தப்பு என்பது என் கட்சி. அந்தப் பாதிதான் முக்கியமான பாதி.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசமானது 2011 ஜூன் மாதத்தில். ஆனால் சாமை, வரகு, தினை, குதிரைவாலி, பனிவரகு வகையறாக்கள் 1950களில் இந்தியா முழுக்கச் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் விளைந்தன. இப்போது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இந்தச் சரிவின் பெரும்பகுதி 2011க்கு முன்பே முடிந்துபோன விஷயம். என் தொழில் பாஷையில் சொன்னால், பிழை எப்போதோ பதிவாகியிருக்கும்போது அதற்கப்புறம் செய்த மாற்றத்தின் மேல் பழி போட முடியாது.

"இலவசம் இல்லாவிட்டாலும் மலிவு அரிசி அதற்கு முன்பே இருந்ததே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அரிசிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதே அரிசி வந்த ஊர்களில் கேழ்வரகு இந்த அளவுக்கு அழியவில்லை, சாமைதான் அதிகம் அடிவாங்கியது. ஏன்?

விடை உமியில் இருக்கு. கேழ்வரகைக் கதிரடித்துப் புடைத்தால் மேல்தோல் தானாகப் போய்விடும். அப்படியே மாவு மெஷினுக்குக் கொண்டுபோகலாம், சாயங்காலம் களி கிண்டலாம். சாமை அப்படி இல்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசான மணி, அதன் மேல் வழவழப்பாக, இறுக்கமாக ஒட்டிய உமி. காயவைக்கணும், உரலில் போட்டுக் குத்தணும், முறத்தில் புடைக்கணும், உமி போகாத மணியைப் பிரித்துத் திரும்பக் குத்தணும், நொய்யையும் தவிட்டையும் தனியாக எடுக்கணும். மண் களத்தில் அடித்த தானியம் என்றால் மணி அளவுக்கே இருக்கும் கல்லை வேறு நீக்கணும். இத்தனையும் வீட்டுப் பெண்களின் வேலை, அதுவும் காட்டு வேலை முடிந்து வந்த பிறகு. நான் படித்த பாராட்டுக் கட்டுரைகளில் இது "குத்திச் சமைத்து" என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. குத்தியவர் யாரும் அந்தக் கட்டுரைகளை எழுதவில்லை என்று மட்டும் தெரிகிறது.

ஆகவே ரேஷன் அரிசி அந்தப் பெண்களுக்குத் தந்தது சோறு மட்டும் இல்லை, நாளில் சில மணி நேரமும்தான். அதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். மிக்ஸி வாங்கின நம் வீடுகளை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

நெல்லுக்கு ஊருக்கு ஊர் ரைஸ்மில் வந்தது. நெல்லுக்கென்று அமைத்த மில்லில் சாமையைப் போட்டால் ஒன்று உடையும், இல்லாவிட்டால் உமியோடு நழுவி வெளியே வரும். இதே மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986லிருந்து வேலை செய்கிறது, அதைச் செய்து நிறுத்த நம்மிடம் ஆள் இருந்தது. சாமை உமிக்கு ஆள் கிடைக்க அதற்கப்புறம் வெகுகாலம் ஆனது. (வானியல் மேல் எனக்குக் கோபம் இல்லை. காவலூர் போகாதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள்.)

மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபோனியோ என்று ஒரு தானியம் இருக்கு, சாமையைவிடப் பொடிசு, அதே உமித் தொல்லை. செனகல் நாட்டு இயந்திரவியல் ஆசிரியர் சனூசி தியாகிதே அதற்கு உமி நீக்கும் இயந்திரம் செய்து 1996ல் ரோலெக்ஸ் விருது வாங்கினார். நம் பக்கம் தானம் அறக்கட்டளையும் கனடாவின் கனடியன் மெனோனைட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011க்குப் பின் சிறுதானிய ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை நடத்தின. சின்ன அளவு உமி நீக்கும் இயந்திரங்கள் அதில் ஒரு முக்கியமான வேலை. இப்போது சந்தையில் பல மாடல் கிடைக்கிறது. அப்போ பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு ஊரில் நான் பார்த்த இயந்திரம் தார்ப்பாயால் மூடிக்கிடந்தது. பேரிங் போய்விட்டதாம், மாற்ற ஆள் கீழேயிருந்து வரணுமாம், அந்த ஆளுக்கு வந்துபோகிற செலவே கட்டாதாம். இயந்திரம் கொடுத்த திட்டத்தின் அறிக்கையில் அது "வழங்கப்பட்டது" என்ற கட்டத்தில் டிக் ஆகியிருக்கும்.

விளைச்சலைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்பது இன்னொரு வாதம். திருவண்ணாமலை அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையம் 2019ல் வெளியிட்ட ஏ.டி.எல். 1 சாமை நல்ல ரகம், மானாவாரியிலேயே ஹெக்டேருக்கு ஒன்றரை டன் தரக்கூடியது. குறை ரகத்தில் இல்லை, அளவுகோலில் இருக்கு. ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்றுதான் நாம் கேட்கிறோம். அந்தக் குடும்பத்துக்கு வேண்டியது ஒரு நாள் உழைப்புக்கு எத்தனை படி அரிசி என்ற கணக்கு. உமியும் நொய்யும் போக 100 கிலோ சாமையில் 60, 65 கிலோ அரிசி தேறினால் பெரிசு. மணி கூடினால் குத்துகிற வேலையும் கூடும். இல்லை, உமியோடு வியாபாரிக்குப் போட்டுவிடலாம். அப்போது லாபம் மலையிறங்கிவிடும். உங்கள் தெருக்கடையில் சாமையரிசி என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை விஷயத்தில் ஒரு வேடிக்கை. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் கேழ்வரகு, சோளம், கம்பு இருக்கு. ஜவ்வாது மலையில் விளையும் பேயெள்ளுகூட இருக்கு. சாமை இல்லை. 2018ல் அரசிதழில் "சத்துத் தானியம்" என்று பட்டம் மட்டும் கொடுத்தார்கள். சத்தீஸ்கர் அரசு காத்திருக்காமல் வரகுக்கும் சாமைக்கும் (அங்கே கோதோ, குட்கி) தானே விலை வைத்து வாங்கத் தொடங்கியது. தமிழ்நாடும் செய்யலாம், சட்டத்தடை எதுவும் இல்லை.

இதெல்லாம் வெறும் உணவுப் பழக்கப் பேச்சு இல்லை. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 தமிழர்கள் செத்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். செத்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் தருமபுரிப் பக்கத்து மலைகளையும் சேர்ந்தவர்கள். சொந்த நிலத்து வெள்ளாமை வருஷம் முழுக்கக் கட்டுப்படியாகிற வீட்டிலிருந்து யாரும் அந்தக் காட்டுக்குக் கூலிக்குப் போகமாட்டார்கள். "மரபை மறந்தார்கள்" என்று வீடியோவில் சொல்கிறவர்கள் இந்தத் தேதியைச் சொல்லி நான் கேட்டதில்லை.

2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் மறுபடியும் கேழ்வரகு, ஏனென்றால் அதற்கு உமி நீக்க வேண்டாம். இதையே ஜவ்வாது மலையில் சாமையரிசி வைத்துத் தொடங்கினால், முதல் வாரமே ஒரு கோப்பு கிளம்பும்: உமி நீக்கும் ஒப்பந்தம் யாருக்கு? கீழேயுள்ள பெரிய மில்லுக்குக் கொடுத்தால் கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம். மலை மேலுள்ள குழுக்களுக்குக் கொடுத்தால் அந்தத் தார்ப்பாயை எடுத்துவிட்டு, பேரிங் மாற்றத் தெரிந்த ஒருவரை ஜமுனாமரத்தூரிலேயே சம்பளத்தில் உட்கார வைக்கணும்.