பழைய கொலை, புதிய லண்டன்

துப்பறியும் கதையை இரண்டாம் தடவை படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்ட பிறகு அதில் என்ன இருக்கிறது என்பார்கள். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகள் மட்டும் இதற்கு விலக்கு. யார் கொன்றான், எதற்காகக் கொன்றான் என்பதெல்லாம் மனப்பாடமாக இருந்தும் மறுபடி எடுத்துப் படிக்கிறோம். அப்படியானால் அவற்றில் மர்மத்தைத் தவிர வேறு ஏதோ இருக்க வேண்டும். அது என்ன என்று எனக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு டெலிவிஷன் படம்.

2010 ஜூலை 25-ம் தேதி பி.பி.சி.யில் 'ஷெர்லக்' தொடங்கியது. ஸ்டீவன் மோஃபட், மார்க் கேட்டிஸ் என்ற இருவர் சேர்ந்து உருவாக்கியது. ஹோம்ஸாக பெனடிக்ட் கம்பர்பாட்ச், டாக்டர் வாட்ஸனாக மார்ட்டின் ஃப்ரீமன். ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிஷம். 2017 வரையில் மொத்தம் 13 படங்கள். நான் இங்கே சொல்ல நினைப்பது முதல் படமாகிய 'எ ஸ்டடி இன் பிங்க்' பற்றி. ஹோம்ஸும் வாட்ஸனும் முதன் முதலாகச் சந்திக்கும் நாவலாகிய 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டின் தழுவல் அது. மூலக் கதை 1887-ல் 'பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆன்யுவல்' என்ற மலரில் வெளிவந்தது. அதன் உரிமை முழுவதற்கும் கானன் டாயிலுக்குக் கிடைத்தது 25 பவுன். பிற்காலத்தில் எத்தனை பேர் அந்தக் கதையை வைத்துப் பிழைத்தார்கள் என்று நினைத்தால் எழுதிப் பிழைக்கும் எவருக்கும் வயிறு எரியும். அது போகட்டும்.

தழுவல் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதிலும் குதிரை வண்டியும் மூடுபனியும் கேஸ் விளக்கும் இல்லாமல் ஹோம்ஸா என்று கேட்பவர்களுக்கு, 1942-லேயே பேஸில் ராத்போன் நடித்த ஹோம்ஸ் நாஜி ஒற்றர்களைத் துரத்தினான் என்பதை ஞாபகப்படுத்தலாம். காலத்தை மாற்றுவது பெரிய காரியம் அல்ல. தந்திக்குப் பதில் கைப்பேசிச் செய்தி, புகைக் குழாய்க்குப் பதில் கையில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை என்று சாமான்களை மாற்றி வைப்பது எவருக்கும் கைவரும். மூன்று குழாய்ப் புகையிலை பிடித்துத் தீர்க்க வேண்டிய பிரச்னை இங்கே மூன்று பட்டை ஒட்டித் தீர்க்க வேண்டியதாகிறது. சிரிக்கிறோம்; அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் மாற்ற வேண்டிய அவசியமே அவர்களுக்கு நேரவில்லை. டாயிலின் வாட்ஸன் 1880-ல் ஆப்கானிஸ்தானத்தில் மைவாண்ட் சண்டையில் குண்டடி பட்டுத் திரும்பிய ராணுவ டாக்டர். 130 வருஷம் கழித்து வந்த வாட்ஸனும் ஆப்கானிஸ்தானத்தில் குண்டடி பட்டுத்தான் திரும்புகிறான். சரித்திரம் இப்படித் தழுவலாசிரியருக்கு உதவி செய்வது அபூர்வம். அந்த உதவியில் சந்தோஷப்பட நமக்கு மனம் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

மூலத்தைப் படித்தவனுக்கென்றே சில இடங்கள் வைத்திருக்கிறார்கள். நாவலில் லாரிஸ்டன் கார்டன்ஸில் ஒரு காலி வீட்டில் பிணம் கிடக்கிறது. சுவரில் ரத்தத்தால் 'ராஷே' என்று எழுதியிருக்கிறது. ரேச்சல் என்ற பெண்ணின் பெயரை எழுதத் தொடங்கி முடிக்கவில்லை என்கிறான் போலீஸ்காரன் லெஸ்ட்ரேட். ஹோம்ஸ் அவனைக் கேலி செய்கிறான்: ஜெர்மன் பாஷையில் அந்தச் சொல்லுக்குப் பழி என்று பொருள். படத்திலும் அதே எழுத்துகள்தாம். இறந்துபோன ரோஜா நிற உடைக்காரி தரைப் பலகையில் நகத்தால் கீறியிருக்கிறாள். இங்கே ஜெர்மன் பாஷை பேசுகிறவன் போலீஸ் தரப்பு ஆள்; அவன் முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்திவிட்டு, அது ரேச்சல்தான் என்கிறான் ஹோம்ஸ். பழைய முட்டாள்தனம் புதிய கதையின் உண்மையாகிவிட்டது. நாவலைப் படித்திராதவனுக்கு இது ஒரு தடயம். படித்தவனுக்கோ, கதை சொல்கிறவர்கள் தன்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிற மாதிரி.

இதைவிட நல்லது டாக்ஸி துரத்தல். ஹோம்ஸும் வாட்ஸனும் சந்து பொந்தெல்லாம் புகுந்து, கூரை மேல் தாவி ஓடி ஒரு டாக்ஸியை மறிக்கிறார்கள். உள்ளே இருப்பவன் அப்போதுதான் லண்டனில் வந்திறங்கிய ஓர் அமெரிக்கன். தப்பான ஆள் என்று திரும்பிவிடுகிறார்கள். இருவருமே பிரயாணியைப் பார்த்தார்கள். வண்டி ஓட்டியவனைப் பார்க்கவில்லை. நாவலில் கொலைகாரன் வண்டிக்காரன் என்பது எனக்குத் தெரியும். ஹோம்ஸுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருக்கிறது! விடை தெரிந்தவனுக்கு ரசம் போய்விடும் என்பது எவ்வளவு பொய் என்று அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. குதிரை போய் மோட்டார் வந்திருக்கிறது. யாரும் முகத்தை நிமிர்ந்து பாராத மனிதனாக வண்டிக்காரன் மட்டும் அப்படியே இருக்கிறான்.

ஆனால் இத்தனை சாமர்த்தியத்துக்கும் ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள். அதைப் பலர் கவனிப்பதில்லை.

டாயிலின் நாவல் இரண்டு பாகம். முதல் பாகத்தில் கொலைகாரனைப் பிடித்தாகிவிடும். இரண்டாம் பாகம் திடீரென்று அமெரிக்கப் பாலைவனத்துக்குப் போய்விடுகிறது. அங்கே ஐந்து அத்தியாயங்களுக்கு ஹோம்ஸின் நிழல்கூட இல்லை. ஜெஃபர்ஸன் ஹோப் என்ற வாலிபன் லூஸி என்ற பெண்ணை நேசிக்கிறான். அவள் தகப்பனைக் கொன்று, அவளை வலுக்கட்டாயமாக இன்னொருவனுக்கு மணம் முடிக்கிறார்கள். ஒரே மாதத்தில் உருகிச் செத்துப்போகிறாள். ஹோப் இருபது வருஷம் எதிரிகளைத் தேடி அலைந்து, கடைசியில் லண்டனில் வண்டிக்காரனாகிறான். இரண்டு மாத்திரைகளில் ஒன்று விஷம், ஒன்று வெறும் மாத்திரை. எதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும், மிச்சத்தை நான் விழுங்குகிறேன், நியாயத்தைக் கடவுள் தீர்க்கட்டும் என்கிறான். அவன் நெஞ்சிலே ரத்தக் குழாய் வீங்கி எந்த நேரமும் வெடிக்கக் காத்திருக்கிறது.

இந்த இரண்டாம் பாகம் கோணலாக ஒட்டவைத்தது என்பதும், அதில் மார்மன் மதத்தாரைச் சித்தரித்த விதம் மிகை என்பதும் நியாயமான குறைகள்தாம். கதைக் கட்டுப்பாடு தெரிந்த எவனும் அதை வெட்டத்தான் வெட்டுவான். மோஃபட்டும் வெட்டிவிட்டார். வெட்டினபோது கொலைகாரனின் இருதயமும் கூடவே போய்விட்டது. படத்தில் வருகிற டாக்ஸிக்காரனுக்கும் நோய் உண்டு, மூளையில். மாத்திரையும் இரண்டு உண்டு. ஆனால் அவன் கொல்வது முன்பின் தெரியாதவர்களை. ஒவ்வொரு கொலைக்கும் அவன் பிள்ளைகளுக்குப் பணம் போய்ச் சேருகிறது. தான் மகா புத்திசாலி என்ற கர்வம் வேறு. லூஸிக்காக இருபது வருஷம் அலைந்தவன் இருந்த இடத்தில் ஒரு சதுரங்க ஆட்டக்காரன் உட்கார்ந்திருக்கிறான். பிலிப் டேவிஸ் என்ற நடிகர் அதைப் பிரமாதமாகச் செய்திருக்கிறார். எனக்கு என்னவோ ஹோப்பின் ஞாபகம் போகவில்லை.

வெட்டி எடுத்ததை எறிந்துவிடாமல் வேறோர் இடத்தில் பதியம் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் படத்தின் வெற்றி. கொஞ்சம் அந்த ரேச்சலிடம் போயிருக்கிறது. அவள் பதினாலு வருஷத்துக்கு முன் இறந்தே பிறந்த குழந்தை. அத்தனை வருஷம் கழித்துமா துக்கப்படுவாள் என்று ஹோம்ஸ் கேட்கிறான். அறை முழுவதும் மௌனமாகிவிடுகிறது. சொல்லத் தகாததைச் சொல்லிவிட்டோமோ என்று வாட்ஸனை அவன் பார்க்கும் பார்வை ஒன்று போதும்.

மிச்சம் முழுவதும் வாட்ஸனிடம். நாவலில் அவன் நல்லவன், விசுவாசி, கதையை எழுதி வைப்பவன். கொலைகாரனைப் பிடிப்பதில் அவன் பங்கு சொற்பம். இங்கே படம் தொடங்குவதே அவன் கெட்ட கனவில். காயம் தோளில், நொண்டுவதோ கால். யுத்தத்தின் பயம் அவனை விடவில்லை என்று டாக்டரம்மாள் நினைக்கிறாள். ஹோம்ஸின் தமையன் மைக்ராஃப்ட் அவன் கையைப் பார்த்துவிட்டு வேறொன்று சொல்கிறான்: அபாயத்தின் நடுவே இந்தக் கை நடுங்கவில்லை, யுத்தத்துக்குப் பயப்படவில்லை, அது இல்லையே என்று ஏங்குகிறாய். டாக்ஸியைத் துரத்திய அன்று கைத்தடியை ஓட்டலிலேயே மறந்துவிட்டு ஓடியிருக்கிறான். ஓட்டல்காரன் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கிறான். தடி இல்லாமல் நிற்கிற வாட்ஸன் முகத்தை ஃப்ரீமன் காட்டுவதற்கு ஈடாக நாவலில் ஓர் இடம் இல்லை.

கடிகாரக் காட்சி பற்றியும் சொல்ல வேண்டும். 'தி ஸைன் ஆஃப் ஃபோர்' நாவலில் வாட்ஸனின் கடிகாரத்தைப் பார்த்தே, சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கீறலை வைத்து, அவன் தமையன் குடித்தே கெட்டவன் என்கிறான் ஹோம்ஸ். படத்தில் கடிகாரம் கைப்பேசியாகி, கீறல் மின்சாரம் ஏற்றும் துவாரத்துக்கு வந்திருக்கிறது. நாவலின் வாட்ஸன் வலி தாங்காமல் கோபிக்கிறான். படத்து வாட்ஸன் அபாரம் என்று வியக்கிறான். ஊரார் எல்லாம் ஏசியே பழகிய ஹோம்ஸுக்கு அந்த ஒரு வார்த்தை புதிது. அண்ணன் என்று அவன் ஊகித்தது உண்மையில் அக்கா என்று பின்னால் தெரிகிறது; கதாநாயகனை ஒரு பிடி சறுக்கவைத்ததும் நல்லதுதான். ஆனால் பழைய காட்சியின் கோபம் எனக்கு இன்னும் உசத்தி.

பின்னால் வந்த படங்களில் இந்த நிதானம் தேய்ந்துபோயிற்று. புத்தியைக் காட்டுவதே வேடிக்கையாகி, கதை ஹோம்ஸின் குடும்ப விவகாரமாகச் சுருங்கியது. 2017-ல் வந்த கடைசிப் படங்களை நான் ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை. முதல் படத்தைப் பார்த்தது ஐந்து தடவைக்குக் குறையாது.

ஐந்து தடவையும் அதே கடைசிக் கட்டத்துக்காகத்தான். டாக்ஸிக்காரன் துப்பாக்கி என்று நீட்டியது வெறும் சிகரெட் கொளுத்தி என்று ஹோம்ஸுக்குத் தெரிந்துவிடுகிறது. எழுந்து போய்விடலாம். போகாமல், தான் ஊகித்தது சரியா என்ற ஒரே வீம்பில் மாத்திரையை எடுத்து வாயருகே கொண்டுபோகிறான். எதிர்க் கட்டிட ஜன்னலிலிருந்து வாட்ஸன் சுடுகிறான். அந்தக் கை நடுங்கவில்லை. செத்துக்கொண்டிருப்பவனைக் குலுக்கி, நான் எடுத்தது சரியான மாத்திரைதானா என்று கேட்கிறான் ஹோம்ஸ். அவன் வேறு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். எது சரியான மாத்திரை என்று யாரும் சொல்வதில்லை. போலீஸ் வண்டிகளைக் கடந்து, சிரித்துப் பேசிக்கொண்டே சீனச் சாப்பாட்டுக் கடையைத் தேடி இருவரும் நடந்துவிடுகிறார்கள்.